மைதானத்தில் கோரஸ் ட்ராக்குக்குப் பின்தங்குவது பற்றி

உங்கள் நாடகத்தில் கோரஸ் (பாடகர் குழு) ட்ராக்குக்கு, அதாவது முன்பே பதிவு செய்த இசைக்கு, பின்தங்குவதாகக் கேட்டிருந்தீர்கள். கோரஸ் நிற்கும் இடத்திலேயே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் (பாடுபவர்களே கேட்பதற்காக அருகில் வைக்கும் பெட்டி) வையுங்கள். ட்ராக்கை மாற்ற வேண்டாம், பாடகர்களைத் திட்டவும் வேண்டாம்.

தர்மபுரியில் ஒத்திகை அறையில் ஒட்டிப் பாடியவர்கள் மைதானத்தில் பின்தங்குகிறார்கள் என்கிறீர்கள். பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் கோரஸிலிருந்து முப்பத்தைந்து மீட்டர் தள்ளி இருக்கின்றன. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். அங்கிருந்து ட்ராக் அவர்கள் காதுக்கு வரவே 0.1 நொடி ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் அது ஒரு தட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அவர்கள் கேட்டபடி சரியாகத்தான் பாடுகிறார்கள்!

சோதிக்க, மேடை மைக் முன்னால் ஒரே ஒரு கைத்தட்டு. கோரஸ் நிற்கும் இடத்தில் கைச்சத்தமும் பெட்டிச்சத்தமும் தனித்தனியாகக் கேட்டால் இதுதான் கோளாறு. ஒன்றாகவே கேட்டால், யாராவது ப்ளூடூத் இயர்போனில் ட்ராக் கேட்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் தாமதிக்கும்.

மானிட்டரை மைக் பக்கம் திருப்பிவிடாதீர்கள், ஊளையிடும்.

அப்புறம், கூத்துப் பாணியில் விருத்தத்தை (தாளக் கட்டில்லாமல் பாடும் பாட்டு) நடிகர் இழுத்தால் மானிட்டர் உதவாது. ஓடும் ட்ராக் யாருக்கும் காத்திருக்காது. அந்த இடங்களில் மட்டும் ட்ராக்கைத் துண்டாக்கி, கைஜாடைக்கு ஒவ்வொன்றாக ஓட விடுங்கள். இசைக்குழு, பாடகர் குழு, மின்னணு ஒலி மூன்றையும் மேடையில் சேர்த்த பின்லாந்து இசையமைப்பாளர் காய்யா சாரியாஹோவின் ஓபரா (2000, சால்ஸ்பர்க்) கிடைத்தால் கேளுங்கள். உங்கள் நாடகத்துக்கு நல்ல தீனி.