பெவாசிசுமாப் ஊசியும் அம்மாவின் பல்லும்
வணக்கம். அம்மாவின் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோவோடு பெவாசிசுமாப் ஏற்றுகிறார்கள், அது புற்றுசெல்லைக் கொல்லாதாமே, பிறகு எதற்கு, ஆடும் பல்லைக் கோத்தகிரியிலேயே பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் பல். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கோவையில் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள். இந்த மருந்தில் காயம் ஆறத் தாமதமாகும், ரத்தமும் கசியலாம். பெரிய அறுவைசிகிச்சை என்றால் கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 28 நாள் விடுவார்கள்.

காரணம் இதுதான். கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர அதற்கென்று ரத்தக்குழாய் வேண்டும். புற்றுசெல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து வெளியே விடுகின்றன. அது பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களில் போய் ஒட்டியதும், நல்ல செல்களான அவையே பெருகிக் கட்டியை நோக்கிக் கிளைவிடுகின்றன. இந்த வழியை அடைக்கலாம் என்று ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவைசிகிச்சை மருத்துவர் 1971இல் எழுதினார். 2004இல் அமெரிக்கா இந்த மருந்தைப் பரவிய பெருங்குடல் புற்றுக்கு அனுமதித்தது. விஇஜிஎஃப்பைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. ஆனால் காயம் ஆறவும் அதே புரதம் வேண்டுமே!

அப்புறம், பிரஷர் ஏறலாம், அடிக்கடி பாருங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத ரத்தம் என்றால் கோவைக்கு இறங்கும்வரை காத்திராமல் பக்கத்து மருத்துவமனைக்கு உடனே கூட்டிப்போங்கள்.