ராம்ஷ்டைன் என்ற ஜெர்மன் மெட்டல் (கனத்த ராக்) இசைக்குழுவை விமர்சகர்கள் நாஜிச் சாயல் கொண்டது என்று எழுதியது நியாயம்தானா? குழுவின் இசை உண்மையிலேயே நல்ல இசையா?

பாடல்களை வைத்துச் சொன்னால் அந்தக் குற்றச்சாட்டு தவறு. ஆனால் அதை எழுதியவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

குழு 1994-இல் பெர்லினில் தொடங்கியது. ஆறு பேரும் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். முதல் ஆல்பம் 'ஹெர்ட்ஸெலைட்' 1995-இல் வந்தது. அட்டையில் ஆறு பேரும் சட்டையில்லாமல், உடம்பு மினுங்க, பெரிய பூவின் முன் நிற்கிறார்கள். "ஆளப் பிறந்த இனம்" போலக் காட்டிக்கொள்கிறார்கள் என்று ஜெர்மன் பத்திரிகைகளில் விமர்சனம் எழுந்தது. பாடகர் டில் லிண்டெமானின் கட்டைக் குரல், 'ர'கரத்தை அவர் உருட்டுகிற விதம், பூட்ஸ் கால் நடைபோல விழும் கிட்டார் எல்லாம் சேர்ந்து அந்தச் சந்தேகத்தை வளர்த்தன. அப்போதைய ஜெர்மனியையும் நினைத்துப் பாருங்கள். 1992-இல் ரோஸ்டாக்கில் அகதிகளும் வியட்நாமியத் தொழிலாளர்களும் தங்கியிருந்த குடியிருப்பைக் கும்பல் தாக்கித் தீ வைத்தது. 1993-இல் ஸோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டை எரித்து ஐந்து பேரைக் கொன்றார்கள். அதற்கு இரண்டு வருடம் கழித்து இப்படி ஒரு அட்டைப்படம் வந்தால் எந்த விமர்சகருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1998-இல் குழு தானே வம்பை விலைக்கு வாங்கியது. டெபெஷ் மோட் என்ற ஆங்கிலேயக் குழுவின் 'ஸ்ட்ரிப்ட்' பாடலைப் பாடி, அதன் வீடியோவுக்கு இயக்குநர் லேனி ரீஃபென்ஷ்டாலின் 'ஒலிம்பியா' படக் காட்சிகளை எடுத்துக்கொண்டார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் பற்றி நாஜி ஆட்சியின் பணத்தில் எடுத்த படம் அது. காட்சிகளின் அழகுக்காகத்தான் எடுத்தோம் என்பது குழுவின் தரப்பு. எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது. அந்த அழகு எதற்குப் பயன்பட்டது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு அதை மட்டும் ரசிக்க முடியாது.

நாஜிச் சாயல் என்ற குற்றச்சாட்டுக்கு அவர்கள் கொடுத்த பதில்தான் 2001-இல் 'முட்டர்' ஆல்பத்தில் வந்த 'லிங்க்ஸ் 2 3 4'. அணிவகுப்பில் "இடது, இரண்டு, மூன்று, நான்கு" என்று கத்துவார்களே, அதுதான் தலைப்பு. ஜெர்மனில் வலதுக்கும் சரியானதற்கும் ஒரே சொல். நல்ல மனிதரை "இதயம் சரியான இடத்தில் இருப்பவர்" என்பார்கள். என் இதயம் அந்த 'வலது' இடத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள், குனிந்து பார்த்தால் அது இடப்பக்கம் துடிக்கிறது என்கிறது பாட்டு. இடதுசாரி என்ற சொல் புழங்கும் தமிழில் இதை விளக்கவே வேண்டாம். இவ்வளவு தெளிவான பதிலையும் பூட்ஸ் சத்தத்தின் மேல்தான் வைத்தார்கள். வார்த்தையைக் கேட்காமல் சத்தத்தை மட்டும் கேட்டவருக்குப் பழைய சந்தேகம்தான் உறுதியாகியிருக்கும்.

அவர்களுடைய மொத்த வரலாற்றிலும் இதே சிக்கல்தான். எனக்கே அது நடந்தது. 'டு ஹாஸ்ட்' பாட்டை முதலில் கேட்டபோது எனக்கு ஜெர்மன் தெரியாது. "நீ என்னை வெறுக்கிறாய்" என்று அர்த்தம் என நண்பர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். பிறகு ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாவது வாரம் ஆசிரியர் பலகையில் எழுதினார்: இஹ் ஹாபெ, டு ஹாஸ்ட், எர் ஹாட். என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இருக்கிறது, அவனிடம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது. வெறுப்பைக் குறிக்கும் சொல்லில் ஒரு எழுத்து கூடுதல், உச்சரிப்பில் வித்தியாசமே கிடையாது. அன்று வீட்டுக்குப் போனதும் பாட்டைத் திரும்பப் போட்டேன். முதலில் "நீ" மட்டும் வருகிறது. அடுத்து "நீ ஹாஸ்ட்". அடுத்து "நீ என்னை ஹாஸ்ட்". இதுவரை காதில் விழுவது வெறுப்புதான். அப்புறம் கடைசிச் சொல் வந்து சேரும்போது வாக்கியமே திரும்பிவிடுகிறது: "நீ என்னிடம் கேட்டாய், நான் எதுவும் சொல்லவில்லை." கேட்டது என்ன? சாவு பிரிக்கும்வரை இவளுக்கு உண்மையாக இருப்பாயா என்ற கல்யாண உறுதிமொழி. கோரஸில் வரும் பதில், "இல்லை". அருமையான சிலேடை. அவர்களே பாடிய ஆங்கில வடிவத்தில் வெறுப்பு மட்டும்தான் மிஞ்சியது. இந்தப் பாட்டு 1999 கிராமி விருதுக்கு மெட்டல் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது.

இசையைப் பற்றி விமர்சகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை, எல்லாப் பாட்டும் ஒரே அச்சு என்பது. அதில் பாதி உண்மை. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எளிமையானது, டிரம்ஸ் நேராக அடிக்கும், கிட்டார் தனி ஆவர்த்தனம் அபூர்வம். மெட்டல் என்றால் வேகமும் விரல் வித்தையும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது சப்பென்றுதான் இருக்கும். ஆனால் நடன இசையின் தாளத்துக்கு மெட்டல் கிட்டாரைப் பூட்டுவதுதான் அவர்கள் வேலை. அந்தத் தாளம் மாறாமல் இருப்பதால்தான் மேலே ஃப்ளாகெ கீபோர்டில் போடும் சின்ன மெட்டு நெஞ்சில் தைக்கிறது. 'முட்டர்' ஆல்பத்தில் பாபெல்ஸ்பெர்க் திரைப்பட ஆர்கெஸ்ட்ராவின் வயலின்களும் சேரும்போது அந்த இறுக்கம் துக்கமாகவே மாறிவிடுகிறது.  

2019-இல் 'டாய்ச்லாண்ட்' (ஜெர்மனி) என்ற பாடல் வந்தபோது பழைய சண்டை மறுபடி தொடங்கியது. வதைமுகாம் கைதிகளின் உடையில், கழுத்தில் தூக்குக் கயிற்றோடு குழுவினர் நிற்கும் முன்னோட்டத்தை முதலில் விட்டார்கள். யூத இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பியவரான ஷார்லோட்டெ க்னோப்லோக் அதைக் கடுமையாகக் கண்டித்தார். விளம்பரத்துக்கு அந்தக் காட்சியை வெட்டி எடுத்தது தவறு, அவர் பக்கம்தான் நான். முழு வீடியோ வேறு. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் ஜெர்மன் நாட்டைப் பெண்ணாக உருவகிக்கும் ஜெர்மானியா தேவியாக வருபவர் ரூபி கோமி என்ற கறுப்பின ஜெர்மன் நடிகை. ஜெர்மன் வரலாற்றின் ஒவ்வொரு ரத்தக்களரியிலும் அவர் நின்று பார்க்கிறார். லிண்டெமான் நாட்டின் பெயரைச் சொல்லி அழைக்கிறார், அரங்கமே சேர்ந்து பாடத் தோதான மெட்டு. அடுத்த வரியில், என் அன்பை உனக்குத் தர என்னால் முடியாது என்கிறார்.

கேட்க ஆரம்பிப்பதென்றால் 'முட்டர்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.