டால்டன் அடிச்சது காப்பியா?

அண்ணே வணக்கம். அணுவ பிளக்க முடியாதுன்னு மணிமேகலையிலயே இருக்குன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் காட்டுனான். அப்போ அணுக் கொள்கைய சொன்ன இங்கிலாந்து விஞ்ஞானி டால்டன் நம்மகிட்ட இருந்து தான எடுத்திருக்கணும்? ஸ்கூல் புக்குல ஏன் இத சொல்ல மாட்றாங்க?
– கொருக்குப்பேட்டை வாசகர்

தம்பி,

ஃப்ரெண்டு காட்டுனது நெஜந்தான். வஞ்சியில மணிமேகலை ஒவ்வொரு சமயத்துக்காரங்க கிட்டயும் போய் கேக்குறா இல்ல, அதுல ஒரு ஆசீவகர், அதாவது ஆசீவகம்ன்ற பழைய சமயத்த சேந்தவரு, சொல்றது அது. நிலம் நீர் தீ காத்து உயிர்னு அஞ்சு வகை அணு, நீர் அணு நில அணுவா மாறாது, ஒண்ணு ரெண்டா பிளக்காது, அவல் மாதிரி தட்டையா பரவவும் பரவாதுன்றாரு. அந்த அவல் எனக்கு ரொம்ப புடிக்கும், உலக்கையால இடிச்சாலும் நசுங்காதுன்னு எவ்ளோ அழகா சொல்லிட்டாரு பாரு. (மணிமேகலை அத ஏத்துக்கல, அடுத்தவர்கிட்ட போயிடுறா, அது வேற கதை.)

ஆனா கிமு 5ஆம் நூற்றாண்டுலயே கிரேக்கத்துல டெமாக்ரிட்டஸ் பிளக்க முடியாத அணுன்னு சொல்லியிருக்காரு, அப்போ ஆசீவகர் அவர காப்பி அடிச்சாரான்னு கேட்டா உனக்கு கோவம் வரும்ல?

டால்டன் புதுசா கொண்டு வந்தது எடை. கார்பனும் ஆக்ஸிஜனும் சேந்து ரெண்டு வாயு ஆகுது, 12 கிராம் கார்பனுக்கு ஒண்ணுல 16 கிராம் ஆக்ஸிஜன், இன்னொண்ணுல 32, நடுவுல 20, 25லாம் கெடையாது. தண்டையார்பேட்டையில எங்க சந்துல சிலிண்டர் போடுறவரு வண்டிய முனையிலயே நிறுத்திட்டு டணங் டணங்னு விளிம்புல உருட்டிட்டு வருவாரு. நீ சிலிண்டரையே பாத்ததில்லன்னு வெச்சிக்கோ, அவரு கணக்கு நோட்டு மட்டும் கைல கெடைக்குது, வீட்டு வீட்டுக்கு எறங்குன கேஸ் 14.2 கிலோ, 28.4, 14.2, 42.6, எங்கயும் 20 இல்ல. ஏதோ ஒண்ணு முழுசு முழுசா தான் எறங்குதுன்னு புரியும்ல? டால்டன் அணுவ பாக்கல, அந்த நோட்ட தான் பாத்தாரு. 1803லயே அணு எடைப் பட்டியல் போட ஆரம்பிச்சாரு.

தப்பும் பண்ணாரு. தண்ணியில ஹைட்ரஜன் ஒண்ணு ஆக்ஸிஜன் ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டதால ஆக்ஸிஜன் எடை பாதிக்கும் கம்மியா போச்சு, அத சரி பண்ண 1811ல அவகாட்ரோன்ற விஞ்ஞானி வழி சொல்லியும் 1860ல கன்னிசாரோன்ற இன்னொரு விஞ்ஞானி எடுத்துச் சொல்ற வரைக்கும் பெருசா யாரும் கண்டுக்கல. பிளக்கவே முடியாதுன்றதும் 1897ல தாம்சன்ற விஞ்ஞானி அணுவுக்குள்ள இருக்குற எலக்ட்ரான கண்டுபிடிச்சப்போ ஆட்டம் கண்டுடுச்சு, அதுல டால்டன், ஆசீவகர் ரெண்டு பேருமே அவுட்.

புக்குல போடலாம், எனக்கும் ஆசை தான், காப்பின்னு மட்டும் வேணாம். ஃப்ரெண்ட அந்த 27ஆவது காதைய இன்னும் கொஞ்சம் கீழ படிக்க சொல்லு, அணு நெருக்கமா சேந்தா வைரம், மூங்கில் மாதிரி உள்ள துளையா இருக்குறதும் அதே அணு தான்னு போகுது, அவன் காட்டுன வரிய விட எனக்கு அது தான் பெருசா படுது.