யானைப் படமும் வேகமுள்ளும்

கேள்வி: சத்தியமங்கலத்திலிருந்து சாமராஜநகர் செல்லும் சாலையில், பண்ணாரியைத் தாண்டியதும் யானை, மான் படங்களுடன் எச்சரிக்கைப் பலகைகள் வருகின்றன. மாதம் இருமுறை அவ்வழியே செல்லும் நானே அவற்றைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதில்லை. இவற்றால் பயன் உண்டா? இல்லையெனில் வேறு என்னதான் செய்வது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அடிக்கடி வந்துபோகும் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்றவர்களே. விலங்கு எங்கே வரும் என்று சொல்லும் பலகை, எப்போது வரும் என்று சொல்வதில்லை. முதன்முறை வருபவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கண்ணாடியை இறக்கி, இருபுறமும் தேடிக்கொண்டே போவார். இருபது முறை வந்தும் ஒரு வாலைக்கூடக் காணாதவருக்கு அதே பலகை மைல்கல்லைப் போல ஆகிவிடுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1970-களில், மான் தாவுவதுபோல் விளக்குகள் எரிந்தணையும் பலகை ஒன்றை நிறுத்திச் சோதித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 3 மைல் குறைந்ததே தவிர, மோதல்கள் குறையவில்லை. பலகைக்கருகே இறந்த மான்களின் உடல்களைப் போட்டுவைத்தபோதுதான் வேகம் கண்கூடாக இறங்கியது. யூட்டா மாநிலத்திலோ, மான்கள் இடம்பெயரும் பருவத்தில் மட்டும் வைத்துப் பிறகு அகற்றிவிடும் தற்காலிகப் பலகைகளால் மோதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆண்டு முழுவதும் கத்துகிற பலகையைவிட, வேண்டிய வாரத்தில் மட்டும் பேசுகிற பலகைக்கு மதிப்பு அதிகம்.

நீங்கள் செல்லும் சாலையையே எடுத்துக்கொள்வோம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் மெதுவாகத்தான் ஏறுகிறார்கள். அதற்குக் காரணம் பலகையல்ல, வளைவு. மேலே ஏறியதும், ஆசனூர் வரை சாலை சற்றே நேராகும் இடத்தில், அதுவரை அடக்கிவைத்த அவசரமெல்லாம் காலுக்கு இறங்கிவிடுகிறது. காடு அங்கேயும் சாலையின் இருபுறமும் நிற்கிறது என்பதை அந்நேரத்தில் யார் நினைக்கிறார்கள்?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் கண்டு கால் பிரேக்கை மிதிப்பதற்குள் சுமார் 33 மீட்டர் கடந்திருக்கும். வண்டி நிற்க அதே அளவு தூரம் இன்னும் வேண்டும். டிம் விளக்கின் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. மானின் கண்களாவது ஒளியில் மின்னும். கருத்த யானை இருட்டோடு இருட்டாக நிற்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மொத்தம் 25 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடலாம்.

பலகையின் போதாமையை அரசும் நீதிமன்றமும் உணராமலில்லை. பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை நடப்பில் உள்ளது; திம்பம் சாலையிலும் இரவுத் தடையை நடைமுறைப்படுத்துமாறு 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பகலில் வேகத்தடைகளே வேலை செய்கின்றன. அச்சு முறியும் என்ற பயம் யானைப் படத்தைவிட வலியது என்று சொல்ல எனக்கே சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்களளவில், பலகையைக் கண்டதும் பார்வையைச் சாலையோரப் புதர்களுக்கு மாற்றுங்கள். அந்தியிலும் அதிகாலையிலும் வேகமுள்ளை 40-க்கு இறக்குங்கள். ஒரு புள்ளிமான் குறுக்கே ஓடிவிட்டால் உடனே கிளம்பாதீர்கள். அதன் கூட்டம் பெரும்பாலும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்.