இடிந்த வீடும் இருண்ட கோடுகளும்

வணக்கம்.

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஜெர்மன் அறிவியலாளர் ஃப்ரான்ஹோஃபர் சிறுவனாக வேலை பழகிய வீடு இடிந்ததையும், மீட்கப்பட்ட அவருக்கு ஆட்சியாளரே நேரில் வந்து பணம் கொடுத்ததையும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "அப்போ வீடு இடியலைன்னா அவர் ஒண்ணுமே ஆகியிருக்க மாட்டாரா சார்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். தப்பு என்னுடையது. இடிபாட்டோடு கதையை நிறுத்தினால் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

யோசப் ஃப்ரான்ஹோஃபர் 1787இல் பவேரியாவின் ஸ்ட்ராவ்பிங்கில் பிறந்தவர். கண்ணாடி வேலை செய்யும் வீட்டில் பதினோராவது பிள்ளை. பதினொரு வயதில் அப்பா, அம்மா இருவரும் இல்லை. மியூனிக்கில் ஒரு கண்ணாடித் தொழிலாளியிடம் ஆறு வருடம் சம்பளமில்லாமல் வேலை பழக விட்டார்கள். பையன் படிப்பது முதலாளிக்குப் பிடிக்காது. 1801 ஜூலை 21 அன்று அந்த வீடு இடிந்தது. முதலாளியின் மனைவி இறந்துபோனார். பையனைப் பல மணி நேரம் கழித்து உயிரோடு எடுத்தார்கள். பவேரியாவை ஆண்ட மாக்சிமிலியன் யோசப் அவனுக்கு 18 டுகாட் பொற்காசுகள் கொடுத்தார். உட்ஷ்னைடர் என்ற தொழிலதிபர் புத்தகங்கள் கொடுத்து உதவினார்.

இனிமேல்தான் உங்கள் மாணவிக்கான பதில் இருக்கிறது. பதினாலு வயதுப் பையன் கைக்குப் பொற்காசு வந்தால் என்ன செய்வான்? இவன் கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் வாங்கினான். மிச்சத்தில் பணம் கட்டி, பாக்கியிருந்த பயிற்சிக் காலத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டான். அப்படிச் செலவழிக்க வேண்டும் என்ற ஆசை வீடு இடிவதற்கு முன்பே அவனுக்குள் இருந்திருக்க வேண்டும். முதலாளிக்குப் பிடிக்காத புத்தகத்தில் கண் வைத்திருந்தவன் அல்லவா?

சரி, சூரிய ஒளியில் அவர் கண்ட இருண்ட கோடுகளுக்கு வருவோம். 1806இல் ஃப்ரான்ஹோஃபர், உட்ஷ்னைடர் பங்குதாரராக இருந்த கருவித் தொழிலகத்தில் சேர்ந்தார். அதன் கண்ணாடி உலை பெனடிக்ட்பாய்ர்ன் என்ற ஊரில், 1803இல் கலைக்கப்பட்ட ஒரு மடாலயத்தில் இருந்தது. துறவிகள் வாழ்ந்த கட்டடத்தில் கண்ணாடி உருக்கினார்கள். அங்கே அவருக்கு ஒரு தொழில் சிக்கல். தொலைநோக்கியில் தெரியும் நட்சத்திரத்தைச் சுற்றி வண்ண விளிம்பு வரக்கூடாது. அதற்கு கிரவுன், ஃபிளிண்ட் என்ற இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து லென்ஸ் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கண்ணாடியும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளந்தால்தான் அது முடியும். ஆனால் சிவப்பு எங்கே முடிகிறது, ஆரஞ்சு எங்கே தொடங்குகிறது? ஒளி பிரிந்து விரியும் நிறங்களின் வரிசையான நிறமாலையில் எல்லைக்கல் கிடையாது. எல்லை இல்லாத நிலத்தை எப்படி அளப்பது?

விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் பகுதியில் பளிச்சென்று ஒரு கோடு தெரிவதைக் கவனித்தார். சூரிய ஒளியிலும் அது இருக்குமா என்று பார்க்க, ஜன்னல் கதவில் மெல்லிய பிளவு விட்டு, 24 அடி தள்ளி முப்பட்டகத்தை வைத்தார். அதன் பின்னால் நில அளவைக்குப் பயன்படும் தியோடொலைட்டின் தொலைநோக்கி. தேடிப்போன பிரகாசமான கோடு அங்கே இல்லை. அதற்குப் பதில் நிறமாலை முழுக்க எண்ணற்ற இருண்ட கோடுகள்! 1802இலேயே இங்கிலாந்தில் வாலஸ்டன் என்ற அறிவியலாளர் சில கோடுகளைப் பார்த்திருந்தார், மேற்கொண்டு போகவில்லை. ஃப்ரான்ஹோஃபர் 574 கோடுகளை எண்ணினார். முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்தார். அவருக்கு எல்லைக்கற்கள் கிடைத்துவிட்டன.

அவை ஏன் இருக்கின்றன என்ற கேள்வியில் அவர் இறங்கவில்லை. நேரமில்லாததால் தொழிலுக்கு உதவுவதை மட்டும் கவனித்ததாக அவரே எழுதியிருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த வரி அதுதான். ஆனாலும் தொலைநோக்கியை வெள்ளிக் கோளின் பக்கம் திருப்பாமல் இருக்க முடியவில்லை. சூரியனின் கோடுகளே அங்கும் தெரிந்தன. சிரியஸ் நட்சத்திரத்தில் வேறு கோடுகள் இருந்தன.

கோடுகளை வெளியிட்டவர் கண்ணாடி உருக்கும் ரகசியத்தை மட்டும் வெளியே விடவில்லை. லண்டனில் ஃபாரடே பல வருடம் முயன்றும் அந்தத் தரம் வரவில்லை. பல்கலைக்கழகம் போகாதவர் என்பதால் பவேரிய அறிவியல் கழகத்தில் இவரைச் சேர்க்கச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்தக் கைகள் செய்த லென்ஸ் வழியாகத்தான் 1846இல் பெர்லினில் நெப்டியூன் கண்ணில் பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1826இல், 39 வயதில், காசநோயில் போய்விட்டார்.

கோடுகளின் காரணத்தை 1859இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இயற்பியலாளர் கிர்ஷோஃப் விளக்கினார். சூரியனைச் சூழ்ந்த வாயுக்கள் தத்தமக்குரிய நிறத்தை விழுங்கிவிடுகின்றன. இருண்ட டி கோடு சோடியத்தின் கையெழுத்து. 1868 ஆகஸ்ட் 18 அன்று நம் பக்கத்து குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாக முழு சூரிய கிரகணம் போனது. அதைப் பார்க்க மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன் இருந்தார். சூரிய விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடு டி கோட்டோடு சரியாகப் பொருந்தவில்லை. அதற்கு டி3 என்று பெயர் வந்தது. அதுவரை யாரும் அறியாத ஹீலியம் என்ற தனிமத்தின் கோடு அது. பூமியில் ஹீலியம் கிடைக்க 1895 ஆகிவிட்டது.

உங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு அட்டைப்பெட்டி, பழைய சிடி ஒன்று, இரண்டு சவர பிளேடுகள் போதும். பிளேடுகளின் விளிம்புகளை ஏறக்குறைய தொடும்படி பெட்டியில் ஒட்டிப் பிளவு செய்யுங்கள்; அதன் வழியே வரும் ஒளி உள்ளே இருக்கும் சிடியில் பட்டு நிறங்களாக விரியும். நான் முதலில் செய்தபோது பிளவு அகலமாக இருந்ததால் வெறும் வானவில்தான் தெரிந்தது. முடியளவு ஆக்கியதும் கோடுகள் வந்துவிட்டன. வெளிச்சமான வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பச்சையில் ஒன்றிரண்டு கோடுகள் முதலில் தெரியும். மஞ்சளில் டி தெரிய இன்னும் பொறுமை வேண்டும். அந்த மாணவியை முதலில் பார்க்க விடுங்கள். எத்தனை கோடுகள் எண்ணினாள் என்று எனக்கு எழுதுங்கள்.