கடை வாசல் ஸ்டாண்டு போர்டு: புரோக்கரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: சென்னை அரும்பாக்கத்தில் சின்ன மெஸ் நடத்துகிறேன். நடைபாதையில் வைத்திருந்த மடக்கு போர்டை மாநகராட்சி ஆட்கள் வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். மாதம் 1,500 ரூபாய் கொடுத்தால் பர்மிஷன் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விளம்பர உரிமம் தரும் அதிகாரம் மாநகராட்சி ஆணையருக்குத்தான். அது எழுத்தில் வரும், எண் இருக்கும், கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கும். மாதாமாதம் கையில் வாங்கிப்போகிற பர்மிஷன் என்று ஒன்று கிடையவே கிடையாது. அனுமதி எண்ணைக் கேட்டுப் பாருங்கள், "ஆபீஸ்ல பேசிட்டேன் சார்" என்பார். மறுபடி வண்டி வரும்போது போனை எடுக்க மாட்டார். இப்படி ஆறு மாதம் பணம் கட்டி, கடைசியில் போர்டையும் பறிகொடுத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். "அனுமதியும் நானே பார்த்துக்கறேன்" என்கிற பிளக்ஸ் கடைக்காரரையும் நம்பாதீர்கள்.

நடைபாதை பொது இடம். சக்கரம் வைத்த போர்டு, ராத்திரி உள்ளே எடுத்துவிடுவேன் என்பதெல்லாம் எடுபடாது. மடக்கு போர்டின் இரண்டு கால்களுக்கு நடுவே பார்வையற்றவரின் கோல் எதிலும் படாமல் உள்ளே போய்விடும், அடுத்த அடியில் பலகையின் மேல்விளிம்பு அவர் இடுப்பில் இடிக்கும். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்ததை மறந்துவிட முடியுமா?

சரி, எங்கேதான் வைப்பது? உங்கள் சொந்த எல்லைக்குள், உங்கள் மெஸ்ஸைப் பற்றிய போர்டு என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் எல்லை எது என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஷட்டருக்கு வெளியே நீங்கள் டைல்ஸ் ஒட்டிய படி, மேலே நீட்டியிருக்கும் தகரக் கூரை, மழைநீர் வடிகால் மேல் போட்ட சிலாப், இவை இருப்பதாலேயே அந்த இடம் உங்களுடையது ஆகிவிடாது. வீட்டு ஓனரிடம் பத்திரத்தை வாங்கி, அதிலுள்ள அளவை டேப் பிடித்துப் பாருங்கள். பல கடைகளில் எல்லை ஷட்டரோடு முடிந்துவிடும். அப்படியானால் போர்டை உள்ளே, தெருவைப் பார்த்து நிறுத்துங்கள், அல்லது சுவரோடு சேர்த்து மாட்டுங்கள்.

எடுத்துப்போன போர்டை வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். அபராதம் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். ரசீது தர மறுத்தால் மாநகராட்சியின் புகார் எண் 1913க்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள். தெரு முழுக்கக் கட்சி வளைவு நிற்கும்போது இரண்டடி சாப்பாட்டு போர்டைத் தூக்குகிறார்களே என்ற உங்கள் ஆத்திரம் எனக்கும் உண்டு. அந்த வளைவுகளைப் பற்றியும் அதே எண்ணில் புகார் செய்யலாம், செய்யுங்கள்.