பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி போட்டோகிராபி: கேள்வி பதில்

கேமராவை எப்போதோ மூட்டை கட்டிவிட்டு இப்போது மறுபடி எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிப் பேர் கேட்டது "எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான். அதை வேண்டுமென்றே பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

கேள்வி: அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த ஃபிலிம் எஸ்எல்ஆர் (லென்ஸ் காட்டுவதையே உள்ளே ஒரு கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமரா) ஒன்று இருக்கிறது. இன்னும் வேலை செய்யுமா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் அவசரப்பட்டுப் பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சும்மா சுழன்றால் உள்ளே எதுவும் இல்லை. இறுக்கம் தெரிந்தால் அன்றைக்குப் போட்ட ரோல் இன்னும் உள்ளே இருக்கிறது.

ரோல் இல்லை என்றால் பேட்டரி மூடியைக் கழற்றுங்கள். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் லேசாக நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் பல சமயம் சரியாகிவிடும்.

அப்புறம் ஷட்டர். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, லென்ஸை வெளிச்சமான சுவரின் பக்கம் திருப்பி, 1 நொடியில் தொடங்கி ஒவ்வொரு வேகமாக அழுத்திப் பாருங்கள். பழைய எந்திர ஷட்டர்களில் முதலில் தகராறு செய்வது மெதுவான வேகங்கள்தான். உள்ளே உள்ள மசகு காய்ந்துபோய் 1 நொடி 3 நொடியாக இழுக்கும், அல்லது பாதியில் நின்றுவிடும். வேகமான பக்கத்தில் 1/1000 வைத்துப் பார்க்கும்போது சட்டம் முழுவதும் ஒரே சீராகப் பளிச்சிட வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகவே இருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அது பழுது பார்ப்பவரின் வேலை, நீங்கள் கை வைக்காதீர்கள்.

கதவின் ஓரப் பள்ளங்களில் கறுப்பு நுரைப் பட்டை இருக்கும். விரலால் தொட்டால் தார் போல ஒட்டுகிறதா? அது ஒளி புகாமல் தடுக்கும் பட்டை. வயதானால் இப்படித்தான் உருகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பட்டை ஒட்டலாம். பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்துவிடக்கூடிய வேலை. துகள்கள் ஷட்டர் திரைமேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லென்ஸுக்குள் மெல்லிய நூல் மாதிரி ஏதோ தெரிகிறது. தூசியா?

கிளை பிரிந்து வேர் போலப் படர்ந்திருந்தால் பூஞ்சை. அப்பர்சரை (லென்ஸின் ஒளித் துளையை) முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள், நன்றாகத் தெரியும். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் வித்தியாசமே தெரியாது. நடுவில் அடர்ந்திருந்தால் வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போது படம் வெளிறிப்போகும். வெளியே படிந்த தூசியை மட்டும் நீங்கள் துடைக்கலாம். உள்ளே இருப்பதற்கு லென்ஸைப் பிரிக்க வேண்டும். இனிமேல் தோல் பையில் பூட்டி வைக்கவே வேண்டாம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி வையுங்கள்.

கேள்வி: உள்ளே ஒரு ரோல் இருந்தது! எடுத்து முடித்தது, ஆனால் கழுவவில்லை. படம் வருமா?

கறுப்பு வெள்ளை என்றால் வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கலர் நெகட்டிவ் என்றால் நிறம் மாறி, துகள் துகளாக வரலாம். ஆனால் யார், எங்கே என்று அடையாளம் தெரியும் அளவுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். வெப்பத்தில் கிடந்திருந்தால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். உறைமேல் கோடாக்குரோம் (கோடாக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிம், அதாவது நெகட்டிவாக இல்லாமல் நேர்ப்படமாக வருவது) என்று இருந்தால் மட்டும் கதை வேறு. அதைக் கலரில் கழுவும் கடைசி லேபும் 2010 முடிவில் அந்த வேலையை நிறுத்திவிட்டது. கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தர மட்டும் ஆள் உண்டு.

கேள்வி: சார், பழைய லென்ஸ்கள் நாலைந்து இருக்கின்றன. புது கேமராவில் மாட்ட முடியுமா, இல்லை காட்சிப் பொருள்தானா?

இந்தக் கேள்விக்காகத்தான் "என்ன வாங்கலாம்" என்பதைத் தள்ளி வைத்தேன். உங்களிடம் இருக்கும் லென்ஸ்தான் அதற்குப் பாதி பதில்.

லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தூரம் வைத்திருக்கிறது. நிக்கான் எஃப் 46.5 மிமீ, கேனான் எஃப்டி 42 மிமீ, கேனான் இஎஃப் 44 மிமீ (எஃப், எஃப்டி, இஎஃப் எல்லாம் வளையங்களின் பெயர்கள்). நடுவே கண்ணாடி ஆட வேண்டும் என்பதால் எஸ்எல்ஆர்களில் இது அதிகம். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை என்பதால் சோனி இ 18 மிமீ, கேனான் ஆர்எஃப் 20 மிமீ, நிக்கான் இசட் 16 மிமீ. மிச்சமாகும் இடத்தில் வெறும் உலோகக் குழாய் ஒன்றைச் செருகினால் பழைய லென்ஸ் அதன் சரியான தூரத்தில் உட்கார்ந்துவிடும். அடாப்டர் என்பது அவ்வளவுதான். கேனான் எஃப்டி லென்ஸை இஎஃப் டிஎஸ்எல்ஆரில் (டிஜிட்டல் எஸ்எல்ஆரில்) போட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாததற்கும் இதே கணக்குதான் காரணம். 44ஐ 42க்குள் அடக்க முடியாதே.

கம்பெனிவாரியாகச் சொன்னால், 1987க்குப் பிறகு வந்த கேனான் இஎஃப் லென்ஸ்கள் கேனானின் சொந்த அடாப்டரில் ஆர்எஃப் கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். பென்டாக்ஸ் கே வளையம் 1975இல் வந்தது, இன்றைய பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆரிலும் நேராக மாட்டலாம். நிக்கானில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வளையம் 1959இலிருந்து அதேதான், ஆனால் ஃபோகஸ் மோட்டார் லென்ஸில் இல்லாத பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகைகள் டி3000, டி5000 வரிசை கேமராக்களில் தானாக ஃபோகஸ் ஆகாது. எஃப் லென்ஸை இசட் மிரர்லெஸ்ஸில் மாட்டும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் அப்படித்தான், கையால்தான் திருப்ப வேண்டும். 1977க்கு முந்தைய நிக்கான் லென்ஸ் என்றால் சில கேமராக்களில் மாட்டினாலே உடைசல் ஆகலாம். விசாரிக்காமல் திருகாதீர்கள்.

வெறும் குழாய் அடாப்டர் போட்டதும் "லென்ஸ் இல்லை" என்று கேமரா அடம்பிடிக்கும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி என்று மெனுவில் ஒரு வரி இருக்கும், அதை இயக்கிவிடுங்கள்.

கேள்வி: என் 50 மிமீ லென்ஸில் முன்பு முழு அறையும் அடங்கும் போல இருந்தது. இப்போது எல்லாமே கிட்டத்தில் தெரிகிறது.

உங்கள் கேமராவின் சென்சார் (ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதியும் சில்லு) 35 மிமீ ஃபிலிமைவிடச் சிறியது. லென்ஸின் மிமீ எண்ணை 1.5ஆல் பெருக்குங்கள், கேனான் என்றால் 1.6. உங்கள் 50 இப்போது 75 மாதிரி பார்க்கிறது. பழைய பார்வை வேண்டுமென்றால் 35 மிமீ பக்கம் போங்கள்.

கேள்வி: அண்ணா, ஃபிலிமில் எனக்கு வெளிச்சக் கணக்கு அத்துபடி. டிஜிட்டலில் மட்டும் வானம் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. என்ன மறந்தேன்?

எதையும் மறக்கவில்லை. கலர் நெகட்டிவில் பழகிய கை இன்னும் அதன்படியே போகிறது. நெகட்டிவில் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் கொடுத்தால் அது தாங்கிக்கொள்ளும், குறைவாகக் கொடுத்தால்தான் நிழல்கள் செத்துப்போகும். அதனால் "சந்தேகம் என்றால் ஒரு ஸ்டாப் கூட்டு" (வெளிச்சத்தை இரட்டிப்பாக்கு) என்று பழகியிருப்பீர்கள். டிஜிட்டல் நேரெதிர், ஸ்லைடு ஃபிலிம் மாதிரி. வெள்ளை ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் அங்கே விவரமே பதிவாகாது. நிழலையோ பிறகு மென்பொருளில் நிறையவே தூக்கிக்கொள்ளலாம்.

ஆகவே பிரகாசமான பகுதியைக் காப்பாற்றுங்கள். கேமரா திரையில் ஹிஸ்டோகிராம் என்ற மலை வரைபடம் வரும், அது வலது சுவரில் முட்டாமல் இருந்தால் போதும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத வடிவில்) எடுங்கள், திருத்த இடம் கிடைக்கும். மற்றபடி நல்ல வெயிலில் அப்பர்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எண்ணின் தலைகீழ் என்ற பழைய கணக்கு இன்றும் அப்படியே செல்லும். ஐஎஸ்ஓ 1600ஐப் பார்த்துப் பயப்படுவதை மட்டும் விட்டுவிடலாம்.

கேள்வி: கையால் ஃபோகஸ் செய்தால் எல்லாம் மங்கலாக வருகிறது. கண்ணா, கேமராவா?

இரண்டையும் பாருங்கள். வியூஃபைண்டர் பக்கத்தில் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். காட்சியைக் கவனிக்காமல் உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை அதைத் திருப்புங்கள். வருடங்கள் போனதில் பவர் மாறியிருக்கும், இளவயதில் யாரும் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டோம். டிஎஸ்எல்ஆரின் திரை ஆட்டோஃபோகஸுக்காக அமைந்தது, பழைய கேமராக்களின் நடுவில் ஃபோகஸ் சரியா என்று காட்டிய பிளவு வட்டம் அதில் இல்லை. மிரர்லெஸ் என்றால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி உண்டு, கண்ணுக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி: பழைய ஃபிளாஷைப் புது கேமராவில் போடலாமா?

சோதிக்காமல் வேண்டாம். பழைய சிலவற்றின் தூண்டு முனையில் 200 வோல்ட்டுக்கு மேலேகூட இருக்கும். ஃபிளாஷை முழுதாக சார்ஜ் செய்து, அடியில் நடுப்புள்ளிக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பிறகு கேமரா கையேட்டில் எவ்வளவு தாங்கும் என்று இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: சரி, கடைசியில் எந்த கேமரா வாங்கலாம்?

நல்ல லென்ஸ்கள் கையில் இருந்தால் அவை சேரும் கேமரா, அதுவும் பழையதாகவே இருந்தாலும் பரவாயில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய டிஎஸ்எல்ஆர் இன்றும் பெரிய அச்சுக்குத் தாங்கும். ஒன்றுமே இல்லை என்றால் கொஞ்ச நாள் போனிலேயே எடுங்கள். எதை எடுக்கக் கை போகிறது, முகங்களா, பறவைகளா, தெருவா என்று தெரிந்த பிறகு வாங்குவது நல்லது. பறவைக்காரருக்கும் தெருக்காரருக்கும் ஒரே கேமராவைச் சிபாரிசு செய்யும் யாரையும் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: பெட்டி நிறைய நெகட்டிவ்கள். ஸ்கேனர் வாங்க வேண்டுமா?

டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் (மிக நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸ்) இருந்தால் தேவையில்லை. நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி பலகைமேல் நெகட்டிவைத் தட்டையாக வைத்து, எஃப் 8இல், ராவாக எடுங்கள். கேமரா சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க, நெகட்டிவ் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நட்டநடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் தொடங்குங்கள், மென்பொருளில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினால் வேலை முடிந்தது. கலர் நெகட்டிவின் ஆரஞ்சுப் பூச்சை நீக்க அதற்கென்று உள்ள மென்பொருள் வேண்டும்.